மூணாம் நம்பர் ரோலர்

இந்த வேகம் இன்னும் அரை மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் ரோலர் முன்னால் நிற்கும் இந்தப் பெண்ணின் இடது தோள் இறங்கும். தோள் இறங்கினால் துணியின் ஓரம் மடங்கும். மடங்கியதை நீவிவிட விரல் தானாக முன்னே போகும். கொஞ்சம் தள்ளி நில்லும்மா என்று யாராவது இவளிடம் சொல்லக்கூடாதா?

நினைத்தவள் வாயைத் திறக்கவில்லை. மாகாண சபை உறுப்பினராகிப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. கேட்கலாமா வேண்டாமா என்று மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் எதையும் கேட்கிறாள்.

விடிகாலை ஐந்தரை மணி. சலவைத் தொழிற்சாலையின் கூரைக்குக் கீழே நீராவி முட்டிக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரி விரிப்புகள் ஈரப் பாரமாக வண்டி வண்டியாய் வந்து விழுந்தன. பெண்கள் இரண்டிரண்டு பேராக அவற்றை உருவி, உதறி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கொதிக்கும் உருளையின் வாய்க்குள் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் நின்ற இருவர் வாங்கி மடித்தார்கள். சலவைச் சோடா நெடியில் கண் எரிந்தது. ஒருத்தியும் அவள் பக்கம் திரும்பவில்லை.

மூணாம் நம்பர் ரோலரும் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாளைக்கு முன்னால் அவளுடைய நாத்தனாரின் வலது கையை மணிக்கட்டுவரை இழுத்துக்கொண்ட ரோலர். அன்று மதியமே துடைத்து ஓட்டிவிட்டார்கள்.

உருளைக்கு முன்னால் நீளமாக ஒரு கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். விரல் என்றில்லை, ஈரத் துணியின் தடித்த ஓரம் பட்டாலும் நிற்கும். நின்றால் திரும்பக் கிளம்ப ஒரு நிமிஷம் போகும். ஆகவே கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு நாடா கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். ஐந்து ரோலரிலும் அப்படித்தான் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, ஒரு சுருக்கு, ஒரு இழுப்பு.

அந்த முடிச்சு அவளுடையது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே அவளுக்கு 'மின்னல்' என்று பெயர். கம்பியால் இயந்திரம் ஓயாமல் நின்று எரிச்சலூட்டிய ஒரு பிற்பகலில் அவள்தான் முதன்முதலாக அதைக் கட்டினாள். ஒரு ஷிப்டுக்கு நானூறு விரிப்பு போட்டவள் அன்றைக்கு அறுநூற்றைம்பது போட்டாள். முதலாளி தானே இறங்கி வந்தார். முடிச்சை விரலால் நிமிண்டிப் பார்த்தார். "மூளைக்காரி" என்றார். மறுநாள் சூப்பர்வைசர் மேஜைக்கு மேலிருந்த பலகையில் நானூறை அழித்துவிட்டு அறுநூற்றைம்பது என்று எழுதியிருந்தது, எல்லோருக்கும். ஒரு வாரம் அவளோடு யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் ஒவ்வொருத்தியாக வந்து முடிச்சைக் கற்றுக்கொண்டார்கள். கம்பியை இறக்கிவிட்டு அந்த எண்ணைத் தொட எந்த மனுஷியாலும் முடியாது.

ஆண்டு விழாவில் அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மேடையில் இரண்டே வாக்கியம் பேசினாள். முன்வரிசையில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொழிலாளர் குடியிருப்பில் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்துக்கு அவர்களுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. நகரசபை, அப்புறம் மாகாண சபை. சுவரொட்டியில் அவளுடைய வலது கை உயர்ந்து நின்றது. 'உழைத்த கைக்கே உங்கள் வாக்கு.' தொழிற்சாலைப் பாதுகாப்புக் குழுவைச் சபையில் சண்டை போட்டு வாங்கியவளும் அவள்தான், அதன் தலைவியும் அவள்தான். ஆறு வருஷத்தில் எத்தனையோ ஆலைகளுக்குள் நுழைந்து பார்த்தாள். இந்த ஒரு கதவுக்குள் மட்டும் நுழையவில்லை. நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை நம்பவும் செய்தாள்.

மாடியறையில் முதலாளியும் கட்சிச் செயலாளரும் காத்திருந்தார்கள். மேஜையில் தட்டச்சு செய்த ஒற்றைத் தாள்.

"டீ சாப்பிடுங்க மேடம்" என்றார் முதலாளி. முன்பு 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார்.

அவள் தாளைப் படித்தாள். தொழிலாளி தன் விருப்பப்படி தடுப்புக் கம்பியைக் கட்டியதே விபத்துக்குக் காரணம், நிர்வாகத்துக்கு இது தெரியாது. கீழே குழுத் தலைவியின் கையெழுத்துக்கு இடம்.

"இதுல கையெழுத்துப் போட்டா என் நாத்தனாருக்கு இழப்பீடும் கிடையாது, வைத்தியமும் கிடையாது."

"கருணையா ஏதாவது செய்வோம். அந்த ரோலர்ல கூட நின்ன மத்த மூணு பேரையும் நிறுத்திடலாம்னு இருக்கேன். கட்டுப்பாடுன்னு ஒண்ணு வேணுமில்ல?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கு."

முதலாளி சிரித்தார். "தெரியும்னு யார் சொல்லப்போறா? அன்னைக்கு என் பக்கத்துல நின்னது நீங்க ஒருத்திதானே. சொன்னீங்கன்னா, முதல்ல கட்டினது யாருன்னு நானும் சொல்லியாகணும். பேப்பர்காரங்களுக்கு அது நல்ல தீனி."

"அக்கா, யோசிங்க" என்றார் செயலாளர். அவளைவிடப் பத்து வயது இளையவர். "அடுத்த வாரம் மந்திரிசபையை மாத்துறாங்க. உங்க பேர் மேல போயிருக்கு. பத்து மணிக்கு அறிக்கையைச் சபையில வெச்சாகணும். கீழ வேற இவங்க முணுமுணுத்துட்டு இருக்காங்க. ஷிப்ட் மாறும்போது நாலு வார்த்தை சொல்லி உள்ள அனுப்பி வெச்சிடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"அவளைப் பார்த்துட்டு வரேன்" என்று எழுந்தாள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் கணவன் நின்றுகொண்டிருந்தான். தங்கையின் கட்டிலருகே உட்காரத் தைரியமில்லாமல் நான்கு நாளாக அங்கேயே நிற்கிறான். "போட்டுக் குடுத்துடு" என்றான் தரையைப் பார்த்து. "போனது போயிடுச்சு. நீ மந்திரியானா அவளுக்கு எங்கேயாவது உட்கார்ந்து பார்க்கிற வேலையாவது வாங்கித் தரலாம்." அவன் கெட்டவனில்லை. போன வாரம் என்றால் இதே வார்த்தையை அவளே சொல்லியிருப்பாள். அதுதான் அவளைச் சுட்டது.

நாத்தனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை, முடிய வேண்டிய இடத்துக்கு முன்பே முடிந்திருந்தது.

"வாங்க அண்ணி. தேர்தல் இன்னும் வரலையே."

"வலி எப்படி இருக்கு?"

"இல்லாத விரல்தான் வலிக்குது. சுண்டுவிரல். டாக்டர்கிட்ட சொன்னா அது அப்படித்தான்ங்கிறார்." மடியில் கிடந்த விரிப்பை இடது கையால் தடவினாள். "நம்ம ரோலர்ல போட்டதுதான். ஓரத்துல சுருக்கம் இருக்கு பாருங்க. புது ஆள் போலிருக்கு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பேச வேண்டியதை வழி முழுவதும் கோர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தச் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டாள்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் கட்டினேன்" என்றாள் நாத்தனார். குரலில் கோபம்கூட இல்லை. "கை உள்ள போனதும் மத்தவங்க கத்துறாங்க, சூப்பர்வைசர் சுவிட்சைத் தேடுறான். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இடது கையால அந்த நாடாவை இழுத்தா கம்பி விழுந்துடும், மெஷின் நின்னுடும்னு. எட்டிப் பிடிச்சு இழுத்தேன் அண்ணி. அவிழலை. அவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்பினார்கள்.

"நான் என்ன செய்யணும்?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே ஊருக்கெல்லாம் செய்யறவங்க." நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடி, "மூணு பேரையும் நிறுத்தப் போறாங்களாமே. அதுல ஒருத்திதான் என்னைப் பிடிச்சு இழுத்தவ. அவளும் போகணுமா?" என்றாள்.

ஏழரைக்கு ஷிப்ட் மாறியது. தொழிற்சாலை முற்றத்தில் வெளியே வந்தவர்களும் உள்ளே போகிறவர்களுமாக அறுபது பெண்கள். குழுவின் எழுத்தர் வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரருகே போய் அவள் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"வாக்குமூலம் எழுதுங்க. முதல் பக்கம் என்னோடது. அந்தக் கம்பியை முதல்ல கட்டினது நான். முதலாளி வந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பாராட்டினார். மறுநாள் பலகையில எண்ணை ஏத்தினார். பதினெட்டு வருஷமா அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

எழுத்தரின் பேனா நின்றது. "மேடம், இது..."

"நான் சொன்னதை மட்டும் எழுதுங்க."

யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையிலிருந்து மடிப்புக்காரி ஒருத்தி முன்னே வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்தக் காலத்தில் அவளோடு சேர்ந்து விரிப்பு போட்டவள்.

"இதைச் சொல்ல பதினெட்டு வருஷமாச்சா மின்னல்? ஒரு கை போக வேண்டியிருந்துச்சு, இல்ல?"

"ஆமா."

"ஆமாவாம். மேடையில ஒரு மணி நேரம் பேசுவே. இப்ப ஒத்தை வார்த்தை." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மடிப்புக்காரி சிரிக்கவில்லை. எழுத்தரிடம் திரும்பினாள். "ரெண்டாவது பக்கத்துல என்னை எழுதுய்யா. நானும் கட்டினேன். கம்பியை இறக்கினா எண்ணுக்கு வராது, வராட்டி வேலைக்கு வராதேன்னு சூப்பர்வைசர் சொன்னார். அதையும் சேர்த்து எழுது." பிறகு இவளிடம் தாழ்ந்த குரலில், "உனக்காகன்னு நினைச்சுக்காதே. அந்தப் பொண்ணுக்காக" என்றாள்.

"தெரியும்" என்றாள் அவள்.

நாத்தனாரைப் பிடித்து இழுத்தவள் அடுத்து வந்தாள். "நானும்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. "என்னையும் போடு. மூணு பேரை அனுப்பலாம். அறுபது பேரையும் அனுப்பிட்டு யாரை வெச்சுத் துவைப்பாராம்? அவரே வந்து உதறட்டும்." இப்போது சிரிப்பு சத்தமாகவே வந்தது. உள்ளே போக வேண்டியவர்கள் போகவில்லை. வரிசை முற்றத்தைத் தாண்டி வாசல்வரை நீண்டது. கூரைக்குக் கீழே ரோலர்கள் துணியில்லாமல் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாக அதுவும் நின்றது.

செயலாளர் மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கி வந்தார். எழுதி முடிந்த தாள்களைப் புரட்டினார். முகம் வெளுத்தது. தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்ட அவளை மதிலோரம் தனியாக அழைத்துப் போனார்.

"அக்கா, நீங்க குத்தத்தை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருக்கீங்க. சபையில உட்காரக்கூட விட மாட்டாங்க. கேஸ் போடுவாங்க."

"போடட்டும்."

"கேளுங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகலை. முதல் பக்கத்தை மட்டும் எடுத்துடுவோம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். அவங்க சொன்னது அவங்களோட. நீங்க விசாரிச்சீங்க, அவ்வளவுதான். மந்திரியா இருந்துக்கிட்டு நீங்களே அவங்களுக்கு நல்லது செய்யலாமே?"

முதலாளிக்கே தெரியும் என்று சொல்லும் அந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால் மற்ற பக்கங்களெல்லாம் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். தாங்களே கட்டினோம் என்று பெண்கள் தங்கள் வாயால் சொன்ன சாட்சி. முதலாளியின் தாளைவிட முதலாளிக்கு உதவும் சாட்சி.

செயலாளர் கையை நீட்டினார். "குடுங்க அக்கா. நானே கிழிச்சிடறேன். நீங்க பார்க்கவே வேண்டாம்."

பயமாகத்தான் இருந்தது. துணிச்சல் எதுவும் வரவில்லை. அவள் தாள்களை நெஞ்சோடு சேர்த்துத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். முதல் பக்கம் மேலே இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"அது அங்கேயே இருக்கட்டும் தம்பி" என்றாள்.

வரிசையில் அடுத்த பெண் எழுத்தருக்குத் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.