சௌந்தரம் எடுத்த நேரம்

பட்டம்மாள் வெள்ளைத் துணியை நீளமாகக் கிழித்து, தங்கையின் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கால்விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டன. கையில்தான் சிக்கல். இடது கட்டைவிரல் சாதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. வலது, எதையோ அமுக்கப் போவதுபோல நிமிர்ந்து நின்றது.

"உசுரோட இருக்கசொல்லயும் இவ இப்படித்தான், ஒரு எடத்துல அடங்க மாட்டா" என்று பட்டம்மாள் அழுகைக்கு நடுவில் திட்டினாள். "தம்பி, நீ வந்து கொஞ்சம் புடி."

நவநீதன் குனிந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது சுற்றில் முடிச்சு விழுந்தது.

சௌந்தரம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவள். தையல் லைனுக்குப் பின்னால் மாதம் ஒருமுறை ஓர் ஆபீசர் ஸ்டாப் வாட்சோடு வந்து நிற்பார். ஒரு ஜோடிக்கு எத்தனை வினாடி என்று அளந்து, மணிக்கு எத்தனை ஜோடி என்று டார்கெட் போடுவது அவர் வேலை. தோல் ஊசிக்கு அடியில் போன பிறகுதான் வாட்சை அமுக்குவார். நூலை வெட்டும் முன்பே நிறுத்திவிடுவார். இரண்டு பக்கமும் சேர்த்து நாலு வினாடி காற்றோடு போகும். அந்த நாலு வினாடி மணிக்கு ஆறேழு ஜோடியாகத் திரும்பி வந்து முப்பது பெண்களின் கழுத்தில் உட்காரும்.

"வாட்சு பொய் சொல்லிடும். உடம்பு இல்ல பதில் சொல்லணும்?" என்று சௌந்தரம் வீட்டில் புலம்புவாள். ஒருநாள் இதை ஆபீசரிடமே சொன்னாள். மூன்று மாதம் பசை தடவும் பிரிவில் இருந்துவிட்டு வந்தாள்.

மகள் ஹேமலதா டிராக் சைக்கிளில் ஸ்பிரிண்ட் ஓட்டத் தொடங்கியதும் சௌந்தரம் முதலில் வாங்கியது ஒரு ஸ்டாப் வாட்ச்தான். ஹெல்மெட் அதற்கு அடுத்த மாதம். டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, ஓடும்போது கியரும் மாற்ற முடியாது. முன் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்று கிளம்பும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். அதன் பிறகு கல்யாணம் மாதிரி, அமைந்ததோடு ஓட்டவேண்டியதுதான். வளைவின் உச்சியில் சுற்றி வேகமெடுத்து, சரிவில் இறங்கி, கடைசி இருநூறு மீட்டரை எத்தனை வினாடியில் கடக்கிறாள் என்பது மட்டும் கணக்கு.

இருநூறு மீட்டர் கோட்டில் சைக்கிள் கடைக்காரர் வக்கார் அகமது சிவப்புக் கைக்குட்டையோடு நிற்பார். முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் கைக்குட்டை இறங்கும். முடிவுக்கோட்டில் நிற்கும் சௌந்தரத்தின் கட்டைவிரலும் கூடவே இறங்கும். பள்ளிகொண்டா பக்கம் இன்னும் திறக்காத சர்வீஸ் ரோட்டில் இரண்டு வருஷம் இப்படி நடந்தது. மாவட்ட சைக்கிள் சங்கச் செயலாளர் புகழேந்தி, "பெரிய கியர் போடுமா, பெரிய ஆளா ஆவே" என்று ஐம்பத்திரண்டு பல்லைச் சிபாரிசு செய்தார். புகழேந்தி கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது அவர் கல்யாணத்துக்கு முன்னால். நாற்பத்தெட்டு, ஐம்பது, ஐம்பத்திரண்டு என்று மூன்றையும் சௌந்தரம் மாற்றி மாற்றி ஓட்டவிட்டாள். ஐம்பத்திரண்டில் மகள் தொடக்கத்தில் திணறினாள், நாற்பத்தெட்டில் கடைசியில் கால் வீணாகச் சுற்றியது. "முன்னாடி அம்பது, பின்னாடி பதினாலு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கூடையைத் திறந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வெளியே சிமென்ட் டிராக்கில் தேர்வு ஓட்டம். பன்னிரண்டு வினாடிக்குள் ஓட்டினால் தேசியப் பயிற்சி முகாமுக்குப் பெயர் போகும். ஹேமலதாவுக்கு வயது வரம்பில் இதுதான் கடைசி வருஷம். நேரம் எடுக்க இரண்டு பேர்: புகழேந்தி, சௌந்தரம். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு புகழேந்தி எடுத்தது 11.96. சௌந்தரம் எடுத்தது 12.11.

பதினொன்று தொண்ணூற்றாறில் சௌந்தரம் கையெழுத்துப் போடவில்லை. செயலாளர் முகம் சுருங்கியது. ஆனால் தோல் ஏற்றும் மினி லாரியில் வீடு திரும்பும்போது, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நவநீதன் ஒன்றைக் கவனித்தார். முகாம் கிடைக்காது என்று தெரிந்தும் மனைவியின் முகத்தில் ஒரு பூரிப்பு. அதுவரை மகள் ஓட்டியதிலேயே வேகமான ஓட்டம் அது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் ஸ்கேன் ஆகாமல் வண்டி நின்றபோது, எட்டிப்பார்த்த பெண்ணிடம், "பன்னெண்டு பதினொண்ணு!" என்றாள் சௌந்தரம். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி நாலு ஆவுதுமா" என்றாள்.

புதன்கிழமை விடியும் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது மணிக்கு ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பதினொரு மணிக்குப் புகழேந்தி வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய ஃபிளெக்ஸ் வந்தது. கருநீலப் பின்னணியில் கைகூப்பிய செயலாளர், ஆள் உயரத்தில். மூலையில் ரேஷன் கார்டு அளவில் சௌந்தரம். 'இருநூறு மீட்டரை 11.96 வினாடியில் வென்ற சிங்கப்பெண்ணை ஈன்ற வீரத்தாய்க்குச் செம்மலின் கண்ணீர் அஞ்சலி.' அந்தச் செம்மல் பட்டத்தை யார் எப்போது கொடுத்தார்கள் என்பது மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது.

மாலையைப் போட்டுவிட்டு, போட்டோ சரியாக விழவில்லை என்று மறுபடியும் எடுத்துப் போட்டுவிட்டு, நவநீதனின் தோளை அணைத்தபடி பந்தலின் ஓரத்துக்கு வந்தார்.

"மனசத் தளர விடாதீங்க நவநீதன். பிறப்பு, இறப்பு, நடுவுல ஸ்போர்ட்ஸ். வாழ்க்கைன்னா அவ்ளோதான்." குரலை இறக்கினார். "ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. அஞ்சு மணிக்குள்ள ஃபார்ம் மெயில்ல போயாகணும். நான் கையெழுத்து போட்டுட்டேன். ரெண்டாவது டைம்கீப்பர் எடம் காலியா இருக்குது."

"அது சௌந்தரம் சார்."

"அதத்தான் சொல்றேன்."

நவநீதனுக்குப் புரியவில்லை. செயலாளர் ஜிப்பா பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு மைப்பெட்டியை எடுத்து உள்ளங்கையில் மறைத்துக் காட்டினார்.

"அவ கைநாட்டு இல்ல சார். கையெழுத்து போடுவா. இங்கிலீஷ்லயே போடுவா."

"இப்ப போட மாட்டாங்களே."

நவநீதன் திரும்பிச் சௌந்தரம் கிடந்த பக்கம் பார்த்தார்.

"வெரல் பட்டா போதும். ஞாயித்துக்கிழம தேதி போட்டுக்கலாம். உடம்பு முடியாம வெரல் வெச்சாங்கன்னு ஒரு வரி நான் எழுதிக்கறேன். இதுல எனக்கு இன்னா கிடைக்கப்போவுது? ஒண்ணும் கிடையாது."

கிடைக்கப்போவது என்னவென்று ஊருக்கே தெரியும். மாவட்டத்திலிருந்து ஒரு பெண் முகாமுக்குப் போனால் செயலாளர் மாநில இணைச் செயலாளர் ஆவார். அதற்கான ஃபிளெக்ஸ்கூட ஒருவேளை தயாராக இருக்கலாம்.

"அவ எடுத்தது பன்னெண்டு பதினொண்ணு சார்."

"ஒரு செகண்டுல பதினஞ்சு பாயிண்ட். கண்ண மூடித் தொறந்தா போச்சு. நேஷனல் கேம்ப்பா, தையல் லைனா? நல்லா யோசிங்க. இந்த வருஷம் உட்டா வயசு தாண்டிடும்."

நவநீதன் கறாரான ஆள் இல்லை. ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றால் இரண்டரை மணி நேரம். எதையும் 'கிட்டத்தட்ட' என்று முடித்துவிடுவார். இப்போதும் அந்தச் சொல்தான் முதலில் நாக்குக்கு வந்தது. கிட்டத்தட்ட பன்னிரண்டுதானே?

ஹேமலதா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நவநீதன் பக்கத்தில் குந்தி, காதோடு விஷயத்தைச் சொன்னார்.

"நீ இன்னா சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"எனக்குப் போவணும்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப ஆசையா இருக்குது. அதனால என்னக் கேக்காத."

நவநீதன் எழுந்து சௌந்தரத்தின் வலது பக்கம் போய் உட்கார்ந்தார். சுற்றியிருந்த பெண்கள் கொஞ்சம் விலகி இடம் கொடுத்தார்கள். மாலைக்கு அடியில் கையை விட்டு முடிச்சைத் தேடினார். பட்டம்மாள் நன்றாகத்தான் போட்டிருந்தாள். நகத்தால் நெம்பியபோது ஒரு சுற்று இளகியது. வலது கட்டைவிரல் மெல்ல வெளியே வந்தது. அதன் நுனியில் ஊசி ஏறிய பழைய தழும்பு. பசை தடவிய மூன்று மாதத்தில் உரிந்துபோன தோல் பிறகு ரேகை சரியாக வராமலேயே வளர்ந்திருந்தது. ஆதார் எடுத்தபோது இந்த விரலை மெஷின் ஏற்கவில்லை. "என் வெரலு நான் சொன்னாத்தான் வெக்கும்" என்று அங்கிருந்த பையனிடம் சிரித்தாள்.

"ஏன் தம்பி, கட்ட எதுக்கு அவுக்கற?" என்றாள் பட்டம்மாள்.

நவநீதன் விரலைப் பிடித்தபடியே இருந்தார். வாசல் பக்கம் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது தெரிந்தது.

"தளர்வா இருந்துதுக்கா" என்றார். துணியை மறுபடியும் சுற்றி, இழுத்து, இரட்டை முடிச்சாகப் போட்டார்.

வெளியே வந்து, "ஃபார்மக் குடுங்க சார், பேனாவும்" என்றார். புகழேந்தி மைப்பெட்டியையும் சேர்த்து நீட்டினார். நவநீதன் அதை அவர் பையிலேயே திருப்பிப் போட்டார். மினி லாரியின் பானெட்மேல் காகிதத்தை வைத்து, காலியாக இருந்த இடத்தில் மெதுவாக எழுதினார்: '12.11. எடுத்தது சௌந்தரம். எழுதுவது கணவர் நவநீதன்.'

"இன்னாய்யா பண்ற நீ?" செயலாளரின் மேடைத் தமிழ் ஒரே நொடியில் காணாமல்போனது. "உம் பொண்ணு தலையில நீயே மண்ண வாரிப் போடறியே! இத அனுப்பினா ஒருத்தன் படிப்பானா?"

"அனுப்புங்க சார்."

வக்கார் அகமது அருகில் வந்து காகிதத்தை எட்டிப் பார்த்தார். "பேனா குடு தோஸ்த்." கீழே எழுதினார்: 'கைக்குட்டை இறக்கியது நான். வக்கார் அகமது.' பிறகு புகழேந்தியைப் பார்த்து, "ஒரு மையத்து கிடக்கற வீட்டுக்கு இன்னாத்துக்கு சார் இங்க் எடுத்துகினு வர்றீங்க? பேஜாரா இல்ல?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. தையல் லைன் பெண்கள் மீதி இருபத்தொன்பது பேரும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் இறங்கினார்கள். நாற்பது நிமிடத்தில் திரும்பிப் போயாக வேண்டும். முன்னால் வந்த பிரிசில்லா ஃபிளெக்ஸைப் படித்துவிட்டு நின்றாள்.

"இன்னாது இது, தொண்ணூத்தாறு? திங்கக்கிழம லைன்ல எல்லாருக்கும் பன்னெண்டு பதினொண்ணுன்னு சொல்லி மிட்டாய் குடுத்தாளே சௌந்தரம். மிஷின ஆஃப் பண்ணிட்டுக் கேட்டோம்."

நவநீதனுக்கு அது தெரியாது. மிட்டாய் கொடுத்த விஷயத்தை அவள் வீட்டில் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து ஹேமலதா எழுந்து வந்தாள். காலையிலிருந்து முதல் முறையாக எழுந்தாள். பிரிசில்லாவின் ஏப்ரன் பையில் தோலில் குறி போடும் வெள்ளிநிறப் பேனா செருகியிருந்தது. எதுவும் கேட்காமல் அதை உருவிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். எண் இருந்த இடம் செயலாளரின் கூப்பிய கைகளுக்குப் பக்கத்தில். 11.96-இன் குறுக்கே ஒரே கோடு. மேலே 12.11. கருநீலத்தில் வெள்ளி பளிச்சென்று தெரிந்தது. இறங்கும்போது அப்பாவைப் பார்த்தாள். நவநீதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

புகழேந்தியின் கார் எப்போது கிளம்பிப் போனது என்று யாரும் கவனிக்கவில்லை. ஃபார்மைக் கொண்டுபோனாரா என்பதும் தெரியவில்லை. வக்கார் மட்டும் அதைத் தன் போனில் படமெடுத்து வைத்திருந்தார். மூன்று மணிக்கு முகாம் அலுவலகத்துக்கு அவரே அனுப்பிவிட்டார்.

நாலு மணிக்கு வண்டி கிளம்பியபோது ஹேமலதாவும் ஏறிக்கொண்டாள். "பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கா?" என்று பட்டம்மாள் ஆரம்பித்தாள். லைனுக்குத் திரும்பாமல் நின்றுவிட்ட பிரிசில்லா அவள் கையைப் பிடித்து அழுத்தியதும் அடங்கினாள்.

நகராட்சித் தகன மேடையில் எழுத்தர் பெரிய பதிவேட்டைப் பிரித்து வைத்திருந்தார். பெயர், வயது, முகவரி, நோய். பழகிப்போன கை, கேட்கும்போதே எழுதிக்கொண்டு போனது.

"நேரம்?"

ஆஸ்பத்திரியில் நர்ஸின் தலைக்கு மேலே சுவர்க்கடிகாரத்தில் தெரிந்தது அப்படியே நவநீதனின் கண்ணில் இருந்தது.

"காலையில ஆறு பதினேழு."

"ஆறேகால்னு போட்டுட்டேன்."

"ஆறு பதினேழு சார்."

"ரெண்டு நிமிஷம்தானேங்க. எல்லாம் ஒண்ணுதான்." எழுத்தர் அடுத்த கட்டத்துக்குப் போக முயன்றார். நவநீதன் பதிவேட்டின் ஓரத்தில் கையை வைத்தார். பின்னால் காத்திருந்த வேறு வீட்டு ஆட்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். நவநீதன் கையை எடுக்கவில்லை.

எழுத்தர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண்ணையும் பார்த்தார். பிறகு 6.15-இல் ஐந்தை அடித்துவிட்டு அதன் அருகில் ஏழு எழுதினார். கட்டத்தில் இடம் போதவில்லை. ஏழின் கால் கோட்டைத் தாண்டி அடுத்த வரிக்குள் இறங்கி நின்றது.