சுவர் ஏறிய கெண்டைகள்

வலையைத் தூக்கிப் பார்த்த ஜாஸ்மின் போட்ட கூச்சலில் பலாமரத்து மைனாக்கள் மொத்தமும் பறந்துபோயின.

“பிலிப்! சிவப்பு நூல்! சிவப்பு நூல் மீனு!”

கரையில் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்த பிலிப் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தான். வலைக்குள் சாண் நீளக் கெண்டை ஒன்று துள்ளியது. அதன் முதுகுத் துடுப்பில் ஜாஸ்மின் கட்டிய நூல் ஈரத்தில் மின்னியது.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருட ஐப்பசி. கும்பகோணத்து ஜாஸ்மினும் திண்டுக்கல் பிலிப்பும் மீன் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் சேர்ந்து அந்த மழைக்காலத்துக்குக் கொல்லிமலை ஏறியிருந்தார்கள். மழை பிடித்ததும் ஓடை மீன்கள் முட்டையிட நீரோட்டத்தை எதிர்த்து மேலே போகும். வழியில் நிற்கும் தடுப்பணைகளை அவற்றால் தாண்ட முடிகிறதா என்று பார்ப்பதுதான் இருவருக்கும் வேலை. அணைக்குக் கீழே மீன் பிடித்து, துடுப்பில் நூல் கட்டி அங்கேயே விட்டுவிட்டு, அணைக்கு மேலே வலை கட்டிக் காத்திருப்பார்கள்.

மலையின் ஊர்ப்பிரிவுகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டில் இருந்த இந்த அணை ஆள் உயரச் செங்குத்துச் சுவர். கெண்டைகள் எம்பி எம்பிக் குதித்துச் சுவரில் மோதி விழுவதை ஒரு வாரமாகப் பார்த்து ஜாஸ்மினுக்கு வயிறு எரிந்திருந்தது. இப்போது ஒன்று ஏறிவிட்டது! சுடிதார் முழங்கால்வரை நனைய, மீனை இரு கைகளிலும் ஏந்தி அவள் தண்ணீரிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“எப்படிங்க ஏறுச்சு?” என்றான் பிலிப்.

“எப்படியோ ஏறுச்சு! நீங்க போட்டோ எடுங்க!”

மறுநாள் இன்னும் சில. அதற்கு மறுநாள் வலையே கனத்தது. ஜாஸ்மினுக்குத் தலைகால் புரியவில்லை. மலையின் பெரிய ஊரான செம்மேட்டுக்கு பஸ் பிடித்துப் போய், டெலிபோன் பூத்திலிருந்து திட்டத் தலைவர் குணசேகரனைக் கூப்பிட்டாள்.

“சார், மீனு சுவர் ஏறுது சார்!”

“மீனா? பல்லியாம்மா?”

“கெண்டை சார்! நேர்ல வந்து பாருங்க!”

குணசேகரன் கொண்டை ஊசி வளைவுகளில் குடல் குலுங்க ஜீப்பில் வந்து சேர்ந்தார். விடிந்ததும் மூவரும் அணைக்கு மேல்கரையில் காப்பிச் செடிகளுக்குப் பின்னால் குந்தினார்கள். மீன் ஏறும் அழகைத் தன் தலைவருக்குக் காட்டப்போகும் பரவசத்தில் ஜாஸ்மின் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

மீன் ஏறவில்லை. அம்சவேணி ஏறினாள்.

பக்கத்து மரவள்ளிக் காட்டுக்காரி. இடுப்பில் பித்தளைக் குடம். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், அவர்களிடமும் குடம். மூவரும் அணையோரப் படியில் ஏறிவந்து குடங்களைப் பதமாகச் சாய்த்தார்கள். தண்ணீரோடு கெண்டைகள் வழுக்கி இறங்கி நேராக வலையை நோக்கி ஓடின.

ஜாஸ்மின் செடிக்குள்ளிருந்து எழுந்தாள். “அக்கா! என்னக்கா பண்றீங்க?”

அம்சவேணி பதறிவிடவில்லை. “ஏனுங்க, நீங்கதானுங்களே வேண்டுதல் நூலு கட்டி உட்டிருக்கறீங்க? பாவமுங்க, குதிச்சுக் குதிச்சுக் கீழயே உழுவுது. வேண்டுதல் பாதியில நிக்கலாமுங்களா? அதான் நாங்களே தூக்கியாந்து மேல உட்டோம்.”

“என்ன வேண்டுதலுன்னு நெனச்சீங்க?”

“இதென்ன கேள்வி கண்ணு? கல்யாணந்தான்.” அவள் குடத்தால் பிலிப்பைச் சுட்டினாள். “தம்பி நல்ல தம்பியாத்தான் தெரியுது.”

குணசேகரனுக்கு முதலில் இருமல் வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. சிரித்துச் சிரித்து அவர் காப்பிச் செடியைப் பிடித்துக்கொண்டார். வெட்கத்தில் காது சிவந்த ஜாஸ்மினுக்கும் அடக்க முடியவில்லை. அணைக்கட்டில் அப்படியே உட்கார்ந்து விலா வலிக்கச் சிரித்தாள்.

“பலிச்சா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க,” என்றான் பிலிப், ஓடையைப் பார்த்தபடி.

சிரிப்பு சட்டென்று நின்றது. ஜாஸ்மின் ஒரு கை தண்ணீரை அள்ளி அவன் முகத்தில் அடித்தாள். “இதைச் சொல்ல இவ்வளவு நாளா?” என்றாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

“சரி, கல்யாணப் பேச்சை அப்புறம் பார்ப்போம். இப்போ இந்தச் சுவரை மீன் தாண்டலைன்னுதான் எழுதணும்,” என்றார் குணசேகரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆனா அதோட போயிடக் கூடாது. ஒரு ஓரமாக் கல்லை அடுக்கிச் சரிவு போட்டுப் பார்ப்போமா?”

“குடம் சுமக்கறதுக்குக் கல்லு சுமக்கறது மேலுங்க,” என்றாள் அம்சவேணி. கொஞ்ச நேரத்தில் ஊரே வந்துவிட்டது. ஓடைக் கல்லையெல்லாம் புரட்டி, சுவரின் உச்சியிலிருந்து மடுவரை ஒரு சாய்மானம் அடுக்கினார்கள். இடையிடையே மீன் தங்கி மூச்சு வாங்கச் சின்னச் சின்னக் குழிகள்.

சாயங்காலம் மழை இறங்கியது. ஓடை பழுப்பாகப் பொங்கிக் கற்சரிவில் நுரைத்து ஓடியது. எல்லோரும் நனைந்துகொண்டே குனிந்து பார்த்தார்கள். ஒரு கெண்டை எம்பி முதல் குழியில் விழுந்தது. வாலை அடித்தது. அடுத்த குழி. அதற்கு அடுத்தது. பிறகு ஒரே வளைவாக வளைந்து சுவருக்கு மேலே போய்விட்டது.

“போயிருச்சு! போயிருச்சு!” ஜாஸ்மின் அம்சவேணியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அதன் பின்னாலேயே இரண்டு, பிறகு கூட்டமாக வெள்ளி வெள்ளியாய் எழும்பின. பிலிப் அவள் கையைப் பிடித்தான். அவள் விடவில்லை.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க ஆசைப்பட்ட குணசேகரன் பாசியில் வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தார். இருவரும் பதறி ஓடினார்கள்.

“என்னை விடுங்கய்யா!” என்று கத்தினார் அவர், மூக்குக்கண்ணாடியிலிருந்து தண்ணீர் ஒழுக. “மீனைப் பாருங்க, மீனைப் பாருங்க!”