பதினேழாவது நிறுத்தம்

பஸ் என்றால் பழுதாகத்தான் செய்யும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பதாம் எண் வழித்தடத்தில் ஓடுகிற ஆறு பஸ்களும், அதுவும் பிளாஸ்டிக் வாசனை போகாத புது பஸ்கள், தினமும் ஒவ்வொரு நடையிலும் தவறாமல் ஒரே இடத்தில் பழுதாகி, ஒரு நிமிஷத்துக்குள் தாமாகவே குணமாகிக் கிளம்பினால் அதை என்னவென்று சொல்வது? போக்குவரத்துத் துறை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கண்காணிப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அரசு மருத்துவமனையின் புது வாசலுக்கு நேர் எதிரே சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. ஒரு புள்ளி, ஒரு பழுது. அந்த மாதம் மட்டும் ஆயிரத்துச் சொச்சம்.

அலுவலகத்தில் அவளை அட்டவணை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த பஸ் எங்கே எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்ற பட்டியல்களெல்லாம் அவள் கையால் ஏறியவை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நிறுத்தம் விட்டுப்போனதில்லை, ஒரு நிமிஷம் மாறிப்போனதில்லை. அதை அவள் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள். சொல்லிக்கொள்வதற்கென்றே அண்ணன் ஒருவன் இருந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும், "என் தங்கச்சி கையில தப்புங்கிறதே வராது" என்று ஆரம்பித்துவிடுவான். வந்தவர் பாவம், தண்ணீர் வாங்கிக் குடிக்க வந்தவராக இருப்பார்.

அந்த அண்ணனை வைத்துத்தான் இவ்வளவு எரிச்சலும். அவன் பெயின்டர். மூன்றாவது மாடிச் சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது ஏணி சறுக்கி, இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்தது. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய்க் காலை மடக்கிப் பழக வேண்டும், ஆறு மாதத்துக்குள் மடங்கவில்லை என்றால் அந்தக் கால் கடைசிவரை கட்டைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மடங்காத காலோடு எந்தப் பெயின்டர் ஏணி ஏறுவான்? வீட்டு வாசலிலேயே ஒன்பதாம் எண் பஸ் நிற்கும், மருத்துவமனை வழியாகப் போகும். கவலையே இல்லை என்றுதான் முதலில் அண்ணன் நினைத்தான்.

கவலை பதினேழாவது நிறுத்தத்தில் காத்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அரசு பஸ் ஓட்டுகிற வேலையை ஒரு தனியார் கம்பெனிக்கு ஏழு வருஷ ஒப்பந்தத்தில் கொடுத்தது. டிக்கெட் வசூல் அரசுக்கு. ஓடுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கூலி. பஸ்ஸில் நாற்பது பேர் ஏறினாலும் காற்று மட்டும் ஏறினாலும் கம்பெனிக்கு ஒன்றுதான். அதனால் கம்பெனி தன் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது என்பதற்காக, பட்டியலில் உள்ள நிறுத்தங்களில் மட்டும்தான் கதவு திறக்க வேண்டும், வேறெங்கே திறந்தாலும் கதவில் உள்ள கருவி காட்டிக்கொடுக்கும், அபராதம் விழும், மூன்று முறை மாட்டினால் ஓட்டுநருக்கு வேலை போகும் என்று கட்டுத்திட்டமாக எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியல்தான் இணைப்பு நான்கு. அதில் பதினேழாவது வரி: மருத்துவமனை வடக்கு வாசல்.

கையெழுத்தாகி ஐந்து மாதத்தில் மருத்துவமனைக்காரர்கள் புது வார்டு கட்டுவதற்காக வடக்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, கிழக்குச் சாலையில் புது வாசல் திறந்தார்கள். பஸ் என்ன செய்தது? ஒப்பந்தப்படி செங்கல் சுவருக்கு முன்னால் நின்று நோயாளிகளை இறக்கியது. பிறகு திரும்பி, புது வாசலை உரசிக்கொண்டு, வேகத்தடையில் ஏறி இறங்கி, நிற்காமல் போனது. இறங்கியவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுநூறு மீட்டர் சுற்ற வேண்டும். அண்ணன் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு நாலு தடவை சுற்றினான். ஐந்தாம் தடவை பாதி வழியில் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம், "காலைச் சரிபண்ணப் போறதுக்கே நல்ல கால் வேணும்போல" என்று சிரித்துவிட்டு, போவதையே நிறுத்திவிட்டான்.

அவள் சும்மா இருக்கவில்லை. வாசல் மாறிய சில மாதத்திலேயே, அண்ணன் விழுவதற்கு முன்பே, நிறுத்தத்தை மாற்றக் கோரி கோப்பு ஒன்றை எழுப்பியிருந்தாள். அந்தக் கோப்பு பதினான்கு மாதம் மாடி மாடியாக ஏறி இறங்கியது. நிதிப் பிரிவு, ஒரு நிறுத்தத்தை மாற்ற என்ன செலவாகும் என்று கேட்டது. ஒரு செலவும் ஆகாது என்று எழுதினாள். செலவே இல்லாத விஷயம் எங்களுக்கு எதற்கு வந்தது என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டப் பிரிவு, இது ஒப்பந்தத் திருத்தம், கமிட்டிக்குப் போக வேண்டும் என்றது. கமிட்டி, கம்பெனியின் சம்மதம் வேண்டும் என்றது. கம்பெனி, சம்மதம்தான், ஆனால் கூட்டம் ஏறுகிற இடத்தில் நின்றால் நேரம் பிடிக்கும், அதற்கு ஒரு பஸ் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. கூடுதல் பஸ் என்றதும் கோப்பு மறுபடி நிதிப் பிரிவுக்குப் போனது. அவர்கள், இப்போது மட்டும் செலவு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். இந்த இடத்தில் யாருக்குத்தான் சுவரில் போய் முட்டிக்கொள்ளத் தோன்றாது?

இப்படி இருக்கையில் ஒருநாள் அண்ணன் வீட்டுக்குப் போனால், அவன் நாற்காலியில் உட்கார்ந்து இடது காலைக் கொஞ்சம் மடக்கிக் காட்டினான். மூன்று வாரமாக மறுபடியும் மருத்துவமனைக்குப் போகிறானாம். எப்படி என்று கேட்டாள்.

"பஸ் புது வாசல்லயே ரிப்பேர் ஆகுது பாப்பா. தங்கமான வண்டி."

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையில் தானும் அந்த பஸ்ஸில் ஏறினாள். ஓட்டுநரை எல்லோருக்கும் ஹாரன் என்றுதான் தெரியும். இருபத்தைந்து வருஷ சர்வீசில் அவர் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை, அதனால் அந்தப் பெயர். வண்டி கிழக்குச் சாலையில் திரும்பியதுமே பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். புது வாசலுக்கு எதிரே ஹாரன் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த, பழுது என்று பதிகிற சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. ஜனங்கள் வரிசையாக இறங்கினார்கள். ஒரு கிழவர் இறங்கும்போது, வண்டி சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்திவிட்டு வேறு போனார். ஹாரன் பொத்தானை விடுவித்தார். வண்டி குணமாகிவிட்டது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின் அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா. பழுதானா ஓரம் கட்டு, கதவைத் திற, ஜனங்களைப் பத்திரமா இறக்குன்னு ஒப்பந்தத்துலயே போட்டிருக்கு. அதுக்கு அபராதமும் கிடையாது. நாங்க ஆறு பேரும் படிச்சுப் பார்த்துட்டோம்."

அந்தப் பக்கத்தையும் பதிவு செய்தவள் அவள்தான். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பொய்ப் பழுது என்று தெரிந்தால் ஆறு பேருக்கும் அன்றைக்கே சீட்டுக் கிழியும். பார்த்ததைப் பார்க்காததுபோல் அலுவலகத்துக்குத் திரும்பி, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆனால் திரையை அவள் மட்டுமா பார்க்கிறாள்? அடுத்த வாரம் மேலதிகாரி கூட்டம் போட்டார். ஆயிரத்துச் சொச்சம் பழுது என்றால் சும்மாவா? நிபுணர்கள் வந்து அந்தச் சாலையை அளந்து, எண்பது பக்கத்துக்கு அறிக்கை கொடுத்திருந்தார்கள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பஸ்ஸின் மின்கருவிகள் அதிர்கின்றன என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. ஆகவே முதல் தேதியிலிருந்து ஒன்பதாம் எண் கிழக்குச் சாலைக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலை வழியாகப் போகட்டும் என்று முடிவானது. ஒரு நிறுத்தத்தை எழுநூறு மீட்டர் நகர்த்தப் பதினான்கு மாதமாக முடியவில்லை. சாலையையே மாற்ற முக்கால் மணி நேரம் போதுமாக இருந்தது, பிஸ்கட் சாப்பிட்ட நேரத்தையும் சேர்த்து. பாதுகாப்புக் காரணம் என்றால், பட்டியலில் உள்ள நிறுத்தம் எதுவும் விடுபடாதவரை, வழியை மாற்ற மேலதிகாரிக்கே அதிகாரம் உண்டாம். கம்பெனி மேனேஜர் வாயெல்லாம் பல்லாக இருந்தார். வெளிவட்டச் சாலை ஒவ்வொரு நடைக்கும் இரண்டு கிலோமீட்டர் அதிகம். கூலியும் அதிகம்.

முதல் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. அண்ணனின் ஆறு மாதத்தில் மிச்சம் இரண்டரை மாதம். கால் அப்போதுதான் பாதி மடங்க ஆரம்பித்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவள் மட்டும் நின்றாள். அந்த நிறுத்தத்தைப் புது வாசலுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகுமே என்று, ஆயிரத்து ஒன்றாவது முறையாக, மேலதிகாரியிடம் சொன்னாள். அவர் கெட்டவரில்லை. களைத்துப் போனவர், அவ்வளவுதான். பேனா மூடியைத் திருகிக்கொண்டே சலிப்போடு சொன்னார்:

"நான் என்னம்மா பண்ண? பட்டியல் போட்டப்ப அது சரியா இருந்துச்சு. சரியா இருந்ததை மாத்தணும்னா கமிட்டிதான். தப்பாப் போட்டிருந்தீங்கன்னா பதிவுப் பிழைன்னு இப்பவே திருத்தி ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவேன்."

அவர் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார். அவள் தன் இருக்கைக்கு வந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் ஒரு கடிதம் இருந்தது. கோப்போடு மாடி மாடியாக அலைந்த நாட்களில் கட்டடப் பிரிவின் அலமாரியில் அகப்பட்டது. வடக்கு வாசலை மூடப் போகிறோம், கிழக்கில் திறக்கப் போகிறோம் என்று மருத்துவமனை எழுதியது. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு ஒன்பது நாள் முன்னால் வந்ததாக அதில் முத்திரை இருந்தது. யாரோ புண்ணியவான் அதைக் கழிவறைப் பராமரிப்புக் கோப்பில் செருகிவிட்டிருந்தான். அவள் மேசைக்கு அது வரவே இல்லை. வந்திருந்தால் விட்டிருப்பாளா?

வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும்; அப்படிச் சொன்னால் அது பதிவுப் பிழை ஆகாது, மறுபடி கமிட்டிதான். வந்தது என்று அவள் சொன்னால் இல்லை என்பதற்கு யார் இருக்கிறார்கள்? கடிதம் வந்தது, பார்த்தேன், கவனக்குறைவால் பழைய வாசலையே பதிந்துவிட்டேன். மூன்று வரி. அந்த மூன்று வரியை எழுத அவளுக்கு ஒரு மணி நேரமானது. செய்த தப்பை ஒப்புக்கொள்வதே கஷ்டம். செய்யாத தப்பை, அதுவும் தன் கையெழுத்தில், ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கட்டடப் பிரிவின் மேல், கமிட்டியின் மேல், எண்பது பக்கத்தின் மேல், ஏணியை ஒழுங்காக நிறுத்தத் தெரியாத அண்ணன் மேல்கூட.

மேலதிகாரி தாளை இரண்டு முறை படித்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் பேனா மூடியைத் திருகுவதை நிறுத்தியதில் தெரிந்தது.

"இது உங்க பணிப் பதிவேட்டுல ஏறும்மா. அடுத்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியல்ல முதல் பேரே உங்களுதுதான்."

"தெரியும் சார்."

கையெழுத்துப் போட நாலு நிமிஷம் ஆனது. அதில் மூன்று நிமிஷம் முத்திரையைத் தேடியது. பிழை என்பதால் கம்பெனியின் சம்மதம் வேண்டியதில்லை, கூடுதல் பஸ் பேச்சும் எழவில்லை. புது வாசல் பட்டியலில் ஏறிவிட்டதால் கிழக்குச் சாலையை விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. வெளிவட்டச் சாலைத் திட்டம் எண்பது பக்கத்தோடு அலமாரிக்குள் போனது.

முதல் தேதி அவள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அண்ணனோடு பஸ்ஸில் ஏறினாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இணைப்பு நான்கைப் பதிவு செய்த ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை திருத்தப்பட்டு, பதினேழாவது நிறுத்தம் இன்று முதல் மருத்துவமனை கிழக்கு வாசலில் இயங்கும். பொதுமக்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். வருந்துகிற துறைக்கு அதில் பங்கே இல்லாததுபோல் எழுதியிருந்தது.

முன் இருக்கையில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, பிடித்தாள் ஒரு பிடி. எவனோ ஒருத்தன் மேசையில் தூங்கி வழிந்திருக்கிறான், அவனுக்கு மாசம் பிறந்தால் சம்பளம், ஒன்றரை வருஷமாக நம் கால் தேய்ந்தது என்றாள். பஸ்ஸில் பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். அவனை ஒரு நாளாவது ஊன்றுகோலோடு அந்தச் சுவரைச் சுற்றவிட வேண்டும் என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஹாரன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அட்டவணை அக்காவைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது மடல் சூடாக இருந்தது.

அண்ணன் அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புது வாசலில் வண்டி நின்றது. ஹாரனின் கை பழக்கத்தில் சிவப்புப் பொத்தான் வரை போய்த் திரும்பியது. அண்ணன் ஒவ்வொரு படியாக இறங்கி, ஊன்றுகோலை ஊன்றி நின்றான். பஸ் போகிறவரை பொறுத்திருந்தான்.

"இணைப்பு நான்கு நீ போட்டதுதானே?"

அவள், நேரமாகிறது, உள்ளே போகலாம் என்றாள்.

"பத்தொம்பது வருஷத்துல ஒரே ஒரு தப்பு பண்ணியிருக்க பாப்பா. அதையும் நல்லா இடம் பார்த்துப் பண்ணியிருக்க."

சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டு நடக்க ஆரம்பித்தான். வாசலுக்குப் பதினெட்டு அடி இருந்தது. அவன் ஊன்றுகோல் இல்லாத பக்கமாக அவள் கூடவே நடந்தாள்.