ரஞ்சகா டப்பா

நாலு மாதக் கர்ப்பிணியான இலக்கியாவின் வயிற்றில் ஒரு கவளம் சோறு தங்கவில்லை. இந்த வாரமும் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். போர் போடும் ரிக் வண்டியோடு கர்நாடகத்தில் கிடந்த அவள் புருஷன் மதியழகன் அதைப் போனில் கேட்டதிலிருந்து அவள் வாய்க்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று தேடித் திரிந்தான்.

போர் போட்ட தோட்டத்து வீட்டில்தான் அந்த ரஞ்சகா அவனுக்கு அகப்பட்டது. பழுத்த மிளகாயும் பூண்டும் அரைத்து, எண்ணெயில் தாளித்த சட்னி. சோள ரொட்டியில் தொட்டு வாயில் வைத்தான். அடேயப்பா! காதுவரை காரம் விர்ரென்று ஏறியது. நாக்கு இன்னும் கேட்டது. ஒரு டப்பா நிறைய வாங்கிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறிவிட்டான்.

வீட்டில் அம்மா நல்லம்மாள் இல்லை. சுடுசோற்றில் பிசைந்து அவனே ஊட்டினான். இலக்கியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டைக் காலி செய்தாள். அரைமணி ஆயிற்று, குமட்டவே இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் மாரியம்மன் கோயில் கொட்டுச் சத்தம் கேட்டது.

"கம்பம் நட்டாச்சா?"

"மூணு நாளாச்சுங்க."

திக்கென்றது அவனுக்கு. கோயில் முன்னால் கம்பம் நட்டால் பண்டிகை முடியும்வரை எந்த வீட்டிலும் தாளிப்பு ஆகாது. மீறினால் அம்மன் அம்மையாக இறங்குவாள் என்று ஊரே நடுங்கும். அதிலும் அம்மா, இந்தப் பிள்ளைக்காகத்தான் இந்த வருடம் பூவோடு எனும் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருக்கிறாள்.

"சொல்லக் கூடாதா புள்ளே?"

"தெரிஞ்சேதானுங்க தின்னேன். பசிச்சுது."

டப்பாவை எங்கே ஒளிப்பதென்று அவன் தடுமாறும்போதே, கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரச்சேலையோடு நல்லம்மாள் உள்ளே வந்தாள். பூண்டு வாசம் முகத்தில் அடித்தது.

"என்னடா சாமி இது? தாளிச்சதா?"

அவன் தலையை ஆட்டினான். நல்லம்மாள் முகம் வெளிறிப்போயிற்று. மருமகளைப் பார்த்தாள், காலித் தட்டைப் பார்த்தாள்.

"உள்ள நின்னுச்சா?"

"நின்னுதுங்க அத்தை."

நல்லம்மாள் சட்டியிலிருந்து சோற்றை அள்ளித் தட்டில் வைத்தாள். டப்பாவைத் திறந்து இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டாள்.

"தின்னு கண்ணு."

பிறகு வாசலுக்குப் போய், கோயில் இருக்கும் திசையைப் பார்த்து மண்ணில் விழுந்தாள்.

"நாந்தான் ஆத்தா குடுத்தேன். அம்மை முத்துப் போடறதுன்னா எம்மேல போடு."