கை நனைத்த மதியம்

பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், பலகாரம் கொறிப்பார்கள். சோற்றில் மட்டும் கை வைக்கமாட்டார்கள். பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ரெம்பியா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியே முதுகு வளைந்துபோன நல்லமுத்துவுக்குத் தோட்டத்தார் விட்டிருந்த லயத்து வீட்டுக்கும் எத்தனையோ பேர் வந்து பார்த்தாயிற்று. எல்லாரும் அவர் மனைவி கருப்பாயி கிண்டிய கேசரியைப் புகழ்ந்தார்கள். அடுப்பில் சோறு கொதிக்கிற வாசனை மூக்கைத் துளைத்தாலும் எதுவும் தெரியாதவர்கள் மாதிரி காரில் ஏறிப் போனார்கள். மகள் திலகவதிக்கு முப்பத்திரண்டு முடியப்போகிறது.

அதனால்தான் தரகர் ராமையா வந்து சொன்ன சேதியில் நல்லமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

"டவுன் பக்கம் பாச்சாங்குல ஒரு சாப்பாட்டுக் கடைலா அண்ணே. பஃபே. வேணுங்கறத நாமளே எடுத்துப் போட்டுக்கலாம். ஞாயித்துக்கெழம மத்தியானம் அங்கயே பொண்ணப் பாத்துக்கலாம்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்றாங்க."

"கேட்டியாடி? சோறு திங்கவே கூப்பிடுறாங்க!" என்றார் கருப்பாயியிடம்.

"கடைச் சோறுதானே" என்றாள் கருப்பாயி.

"எந்தச் சோறா இருந்தா என்ன? ஒனக்கு எதுலதான் நம்பிக்க இருக்கு?"

அவருடைய அவசரம் அவருக்கு. தோட்டம் விலைபோய்விட்டது. தைப்பூசத்துக்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு எங்கே போவது என்று அவருக்கே தெரியாது. சொல்லிக்கொள்ள ஒரு வீடு இருக்கும்போதே மகளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும்; வீடும் போனபிறகு எவன் தேடிக்கொண்டு வருவான்?

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். நல்லமுத்துவின் மடியில் ஒரு துணிப்பை. உள்ளே எவர்சில்வர் தட்டு, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குடுமியோடு ஒரு தேங்காய். "எதுக்குங்க இப்பவே?" என்று கருப்பாயி கேட்டதற்கு முறைத்த முறைப்பில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திலகவதி பேக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவள். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பவுடர் போட்டு மறைத்திருந்தாள்.

கடை வாசலிலேயே கல்லா. உள்ளே நுழையும்போதே காசு கட்டிவிட வேண்டும்; அப்புறம் மூன்று மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று போர்டில் எழுதியிருந்தது. எல்லாருக்கும் சேர்த்துக் கட்ட நல்லமுத்து நோட்டுகளை நீட்டினார்.

"உங்க மூணு பேருக்குப் போதும் அங்கிள். உள்ள இருக்கறவங்க கட்டிட்டாங்க" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

"பாத்தியா? நமக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு நெனைக்கிறாங்க. பெரிய மனசு" என்று கருப்பாயியின் காதில் கிசுகிசுத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா கமலவேணி பட்டணத்துக்காரி. கழுத்து நிறைய நகை, முகம் நிறையச் சிரிப்பு. மாப்பிள்ளை திருச்செல்வம் ஏதோ ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. திலகவதியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "எந்த ஷிப்ட்?" என்றான். அவள், "ராத்திரி" என்றாள். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு குனிந்தவன்தான்.

கமலவேணி சாப்பிட்டதைப் பார்க்க வேண்டுமே! ஆட்டிறைச்சிப் பிரட்டல், மீன் குழம்பு, கோழி வறுவல், மறுபடி பிரட்டல். அவள் ஒவ்வொரு கவளத்தையும் உருட்டும்போது நல்லமுத்துவுக்கு வயிறு நிறைந்தது. இத்தனை வருஷம் தன் வீட்டில் நனையாமல் போன கைகளுக்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு கை நனைகிறது என்று நினைத்தார்.

"திலகா, அந்தப் பிரட்டல்ல இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வாம்மா" என்று தட்டை நீட்டினாள் கமலவேணி.

மருமகளிடம் வேலை சொல்கிற குரல் அல்லவா அது! திலகவதி எழுந்து போய் எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கி எடுத்து வந்தாள். திரும்பி வரும்போது அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கருப்பாயிக்கே நினைவில்லை. பாயசமும் வேண்டும் என்றாள் கமலவேணி. திலகவதி மறுபடி போனாள்.

நல்லமுத்துவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பையைத் திறந்து, எச்சில் தட்டுகளை ஒதுக்கி, வெற்றிலைத் தட்டை மேசை நடுவில் வைத்தார்.

"அப்புறம் என்ன சம்பந்தியம்மா, கை நனைச்சாச்சு. நல்ல நேரம் போறதுக்குள்ள இங்கயே தட்டு மாத்திக்கலாமே."

மேசைக் கோடியில் இருந்த ராமையா கூரையைப் பார்த்தார். கமலவேணி டிஷ்யூவை உருவி விரல் விரலாகத் துடைத்தாள். சிரிப்பு மட்டும் போகவில்லை.

"என்னண்ணே நீங்க, இது ஒங்க வீடா? எங்க தட்டுக்கு நாங்க வரும்போதே காசு கட்டிட்டோமே. எங்க காசுல நாங்க சாப்பிட்டா அது எப்படிக் கை நனைச்சதாகும்? வீட்டுக்கு வந்தா சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு கையப் புடிக்கிறீங்க, வேணாம்னா மனஸ்தாபம். அதுக்குத்தான் கடைக்கே வரச் சொல்றது. பொண்ணு நல்ல பொண்ணு. யோசிச்சுச் சொல்றோம்."

சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பாயசக் கிண்ணத்தோடு திலகவதி பின்னால் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது. "இப்படி வைம்மா" என்றாள் கமலவேணி. வைத்தாள். கமலவேணி கரண்டியை எடுத்து, முந்திரி கிடைக்கிறதா என்று துழாவினாள்.

"அண்ணே, ரெம்பியா பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல?" என்றார் ராமையா.

நல்லமுத்து தேங்காயைப் பைக்குள் திணித்தார். வெற்றிலை இரண்டு கீழே விழுந்தன. கருப்பாயி குனிந்து பொறுக்கினாள். வாசலுக்கு வந்தபோது ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது. பச்சைப் பட்டு கட்டிய பெண், அவளுடைய அப்பா, அம்மா. "ஜாசின்லேருந்து வந்துட்டீங்களா, வாங்க வாங்க" என்று ராமையா ஓடி வந்தார். உள்ளே கமலவேணி எழுந்திருக்கவே இல்லை. மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

கல்லாவில் நின்ற அந்த அப்பாவின் தோளிலும் ஒரு துணிப்பை. தேங்காய்க் குடுமி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் நல்லமுத்துவைப் பார்த்து, "சாப்பாடு எப்படிண்ணே இங்க?" என்றார் வெள்ளந்தியாக.

அந்தப் பையை உள்ளே கொண்டு போகாதே என்று சொல்லத் தோன்றியது. அதற்கு முன்னாலேயே, இந்தப் பெண்ணும் அவர்களுக்குப் பிடிக்காமல் போகட்டும் என்று நெஞ்சுக்குள் ஒன்று முந்திக்கொண்டது. அப்படி நினைத்த தன்மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"நல்லா இருக்குங்க" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. கருப்பாயி அழவில்லை, முந்தானையால் வெற்றிலையைத் துடைத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். திலகவதியின் விரலில் பாயசம் பட்டுப் பிசுபிசுத்தது. சாலையைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்:

"அடுத்த தடவ வீட்டுக்கே வரச் சொல்லுங்கப்பா. காப்பி குடிச்சிட்டுப் போறவங்களே பரவால்ல."

எந்த வீட்டுக்கு என்று நல்லமுத்து கேட்கவில்லை. அவளுக்கும் அது தெரியும்.