ஏலக்காய்ப் பெட்டிக் கம்பி

லாரியில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று யார் கேட்டாலும் நின்று சொல்வேன். மிதியை அழுத்தினால் வண்டிக்கு அடியில் ஓர் இரும்புத் தண்டு இழுபடும். அந்த இழுப்பில் சக்கரத்துக்குள் இருக்கும் இரண்டு கட்டைகள் விரிந்து உரசும். மிதியும் தண்டும் சேருமிடத்தில் ஓர் ஆணி இருக்கும். அது நழுவாமலிருக்க, நுனித் துளையில் காட்டர் பின் என்ற ஊசியைச் செருகி, அதன் இரண்டு காலையும் விரித்துவிட வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத ஊசி. வண்டியில் ஏறியவர்கள் எல்லோரையும் அதுதான் பிடித்திருக்கிறது.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில், நான் மெக்கானிக்காக இருந்த சின்னமனூர் லாரி ஷெட்டில் அந்த ஊசி தீர்ந்துபோயிருந்தது. மதுரையிலிருந்து வர இரண்டு நாளாகும்.

"ஏலே சுயம்பு, மலையில ஏலக்கா மூட்டை நனையுது. எதையாச்சும் மாட்டி அனுப்பு" என்றார் முதலாளி அழகுமலை.

ஏலக்காய்ப் பெட்டி கட்டும் கம்பியை முறுக்கி மாட்டினேன். மென்மையான கம்பி, அதிர அதிரத் தேயும். இரண்டு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். ஊசி வந்தது. நான் மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை, மழைச் சேற்றில் மல்லாந்து படுக்க அலுப்பாயிருந்தது.

ஒன்பதாம் நாள் மேகமலையிலிருந்து இறங்கிய லாரி பள்ளத்தில் விழுந்தது. டிரைவர் கோட்டைச்சாமியும் மூட்டைமேல் உட்கார்ந்து வந்த நான்கு பெண்களும் செத்தார்கள். கவிழ்ந்த வண்டிக்கடியில் முதலில் புகுந்தவன் நான். அறுந்த கம்பியைத் தேடியெடுத்து மடியில் செருகிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் செத்தவர்களைப் பார்த்தேன்.

டிரைவர் குடித்திருந்தான் என்று போலீசில் சொன்னார் முதலாளி. ஊரில், எல்லாம் சனி தோஷம் என்றார். வண்டி சரியாக இருந்தது என்று திங்கட்கிழமை நான் போலீசுக்கு எழுதிக் கொடுத்தால் முடிந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை ஷெட் ஆட்களையெல்லாம் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்கு எள் விளக்குப் போடக் கூட்டிப்போனார். "சனி பிடிச்சா வெள்ளைக்காரன் பிரேக்கும் பிடிக்காதுடா" என்றான் ஒருவன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எள் முடிச்சைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தேன்.

கோட்டைச்சாமியின் மனைவி இருளம்மாள், தீட்டுக் கழியாததால் கோயிலுக்குள் வராமல் ஆற்றங்கரையில் காத்திருந்தாள்.

"அண்ணே, அவுக குடிச்சா இருந்தாக? வண்டி எடுக்கும்போது நீங்கதான பாத்தீக."

"இல்லத்தா. பிரேக்கு பிடிக்கல."

"ஏன் பிடிக்கல?"

அப்படி யாராவது கேட்டால் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். அப்போதும் வந்தது. நினைத்தால் இன்றைக்கும் என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது. மடியிலேயே வைத்திருந்த கம்பியை எடுத்து, ஒரு விரலை ஆணிபோல் நிறுத்தி, எங்கே மாட்டினேன், எப்படித் தேய்ந்தது, ஏன் மாற்றவில்லை என்று வரிசையாக விளக்கினேன்.

கடைசிவரை கேட்டாள்.

"நல்லா வெளங்குது" என்றாள். என் கையிலிருந்த எள் முடிச்சைத் தட்டிவிட்டாள். "என்கிட்ட சொல்லிட்டா ஒமக்கு பாரம் எறங்கிருமா? போலீசு டேசன்ல போயிச் சொல்லும்."

"சுயம்பு, வெளக்கு அணையுதுலே" என்று முதலாளி உள்ளிருந்து கூப்பிட்டார்.

கம்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சின்னமனூர்ச் சாலையில் நடந்தேன். நான் வழியில் எங்கேயாவது நின்றுவிடுகிறேனா என்று பார்த்தபடி, பத்தடி பின்னால் இருளம்மாள் வந்துகொண்டிருந்தாள்.