பட்டத்துக்கு வைத்த பொட்டு

1

இந்தக் கதை ஒரு காலி வரியில் ஆரம்பித்தது. செங்கல்பட்டிலிருந்து மாதாமாதம் எட்டுப் பக்கத்தில் ஓர் ஆன்மிக இதழ் கொண்டுவருகிறார் பாஷ்யம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "பண்டிகைச் சடங்குகளோட உட்பொருள்னு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி எழுதிக் குடும்மா. ஆயுத பூஜை இதழ். நீ படிச்ச பொண்ணு" என்றார்.

எழுதினேன். பொரி: வறுபட்ட நெல் மறுபடி முளைக்காது, ஞானத்தில் வறுபட்ட வினையும் அப்படியே. புத்தகத்தை ஒரு நாள் மூடி வைப்பது: கற்றது உள்ளே இறங்க. பூசணிக்காய்: அகந்தை உடைகிறது. தேங்காய்: அகந்தை உடைகிறது. எலுமிச்சம்பழம்: வேறென்ன, அதுவும்தான். இத்தனை அகந்தை எங்கள் ஊரில் யாரிடம் இருந்தது என்றுதான் தெரியவில்லை. செய்யூரில் விடிவதற்குள் சவுக்குத் தோப்பு வேலைக்குக் கிளம்புகிறவர்களிடம் நான் பார்த்ததெல்லாம் தூக்கக் கலக்கம்.

'குங்குமம்' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

2

அந்தக் காலி வரிக்காகக் கதையாக ஆரம்பித்து அடித்தவை:

'சவுக்கின் ஊசி இலைகளுக்கிடையே அதிகாலைச் சூரியன்...' வேண்டாம். தோப்பில் வேலை செய்தவர் எவரும் சூரியனை அப்படிப் பார்த்ததில்லை.

'எல்லம்மாள் ஒரு தெய்வம்...' இதுவும் வேண்டாம். தெய்வம் என்று எழுதிவிட்டால் அப்புறம் அவளுக்கு வலித்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நேராகவே சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. சாய்த்த சவுக்கு மரத்துக்குக் கிளை கழிக்கிறவள் எல்லம்மாள். மகள் ரோகிணி பி.காம்., அவர்கள் வம்சத்தின் முதல் பட்டதாரி. (ரோகிணி நான் இல்லை. நம்புவது உங்கள் இஷ்டம்.) அரசாங்க எழுத்தர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். திங்கட்கிழமை செங்கல்பட்டில் சான்றிதழ் சரிபார்ப்பு. அதற்கு நான்கு நாள் முன்னால் ஆயுத பூஜை.

ரோகிணி குளித்துவிட்டு வந்து பார்க்கிறாள். வாழையிலையில் வரிசையாகக் கிளை கழிக்கிற கத்தி, மண்வெட்டி, அரிவாள்மணை. நான்காவதாக அவளுடைய பட்டச் சான்றிதழ். கத்திக்கு மூன்று பொட்டு. சான்றிதழுக்கும் மூன்று, குழைத்த சந்தனம், மேலே குங்குமம். எழுத்தின்மேல் படாமல் பார்த்துத்தான் எல்லம்மாள் வைத்திருந்தாள். ஆனால் கீழே இருந்த கையெழுத்து அவள் கண்ணுக்குக் கிறுக்கலாகத் தெரிந்திருக்கிறது.*

"ஐயோ, இன்னாம்மா பண்ணி வெச்சிகீற!"

ரோகிணி பாய்ந்து தாவணி நுனியால் துடைத்தாள். நீல மை ஈரச் சந்தனத்தோடு சேர்ந்து பச்சையாக இழுபட்டது. கையெழுத்து போய்விட்டது.

"இன்னாத்துக்குடி தொடச்ச? காஞ்சா தானா உதிர்ந்துடும்."

"இது காயிதம்மா! கத்தியா இது?"

"கத்தி எனக்கு சோறு போடுது. உனக்கு இதான போடப்போவுது? அதுக்கு வெச்சிட்டு இதுக்கு வெக்காம வுட்டா நல்லாவா கீது?"

"மூளை கீதா உனக்கு?"

(கடைசி வரியை மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.)

* கையெழுத்துப் போட்டவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் அது கிறுக்கலாகத்தான் தெரிந்தது.

3

திங்கட்கிழமை எல்லம்மாள் வேலைக்குப் போகாமல் துணைக்கு வந்தாள். மேசைக்குப் பின்னால் அதிகாரி பிரபாவதி. சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஜெராக்ஸ்ல கையெழுத்து இருக்கு, ஒரிஜினல்ல இல்ல. இப்பிடி ஒரு அதிசயத்தை நான் பாத்ததே இல்லம்மா. என்ன, அபிஷேகம் பண்ணிங்களா?"

வரிசையில் சிரிப்பு.

இந்த இடத்துக்கு என்னிடம் இரண்டு வடிவம் இருந்தது. ஒன்றில், அதிகாரி பக்திமான். குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 'சரி' என்று குறிக்கிறார். பாஷ்யம் சாருக்குப் பிடிக்கும். இன்னொன்றில், எல்லம்மாள் உழைப்பைப் பற்றி அரைப் பக்கம் பேசுகிறாள், வரிசை கைதட்டுகிறது. எழுதும்போதே அலுத்துவிட்டது. எந்த ஆபீசில் வரிசை கைதட்டியிருக்கிறது?

ரோகிணி சொன்னது இதுதான்:

"எங்க அம்மா மேடம். படிக்காதவங்க. தெரியாம பொட்டு வெச்சி அழிச்சிட்டாங்க."

எல்லம்மாள் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்தாள்.

"ஆமாம்மா, நான்தான் அழிச்சேன். தற்குறி, எனக்கு இன்னா தெரியும்? பொண்ணு மேல தப்பில்ல. அத்த வுட்டுடாதீங்கம்மா" என்று கும்பிட்டாள்.

அழித்தது யார் கை என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

பிரபாவதி பெருமூச்சு விட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வாங்கிவர இருபது நாள் கொடுத்தார். கடிதம் வந்தது, வேலையும் கிடைத்தது. வேலை கிடைத்தால் கதை முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

4

பாஷ்யம் சார் போன் செய்தார். "எல்லாத்துக்கும் எழுதியிருக்கே, குங்குமத்துக்கு மட்டும் ஒண்ணும் எழுதலியேம்மா? நெற்றிக்கண், சக்தின்னு ஏதாவது போட்டுடலாமா?"

"போட்டுக்குங்க சார்."

நெற்றிக்கண்ணோ சக்தியோ, எதுவாகவும் இருக்கட்டும். அதற்குச் சண்டை போடத் தெம்பில்லை. எனக்குத் தெரிந்த உட்பொருளைச் சொன்னவள் ஒருத்திதான். அவளைத்தான் ரோகிணி மேசைக்கு முன்னால் தற்குறியாக்கினாள்.

5

அடுத்த வருஷம். சான்றிதழை ரோகிணி லேமினேஷன் செய்துவிட்டாள். பச்சைக் கறை உள்ளேயே மாட்டிக்கொண்டது. பூஜைக்கு முந்தின நாள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் பீரோவுக்கும் அவளே பொட்டு வைத்தாள். அங்கே யாரும் 'மூளை கீதா' என்று கேட்கவில்லை.

வீட்டில் எல்லம்மாள் இலை போட்டிருக்கிறாள். கத்தி, மண்வெட்டி, அரிவாள்மணை. நான்காவது இடத்தை விட்டு வைத்திருக்கிறாள். கேட்கவில்லை, கூப்பிடவுமில்லை. அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வருஷமாக வாயே திறக்கவில்லை.

ரோகிணி சான்றிதழ் இருக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கொண்டுவந்து வைத்து, 'நான்தான்மா அழிச்சேன்' என்று சொல்ல வைக்கலாம். வைத்தால் எல்லம்மாள், "இந்த பிளாஸ்டிக் மேல சந்தனம் நிக்காதுடி" என்பாள். இரண்டு பேரும் சிரிக்கலாம். பெட்டியைத் திறக்காமலே ரோகிணி வெளியே கிளம்பியும் விடலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டாவதை எழுதினால் வீட்டுக்குப் போக முகமில்லை.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எல்லம்மாள் கற்பூரத்தை எடுத்து வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மாடத்தில் தேடுகிறாள், அடுப்படியில் தேடுகிறாள், திரும்ப மாடத்துக்கே வருகிறாள். தீப்பெட்டி அவள் மடியில்தான் இருக்கிறது.